‘கியூ’ என்றால் என்ன? நாடகத் துறை மேடைக்கு ஓர் அறிமுகம்

குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் நடக்கும் ஒரு காட்சியை மேடையில் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். கடலுக்குப் போன மகன் இன்னும் திரும்பவில்லை. அம்மா இருட்டைப் பார்த்தபடி, பக்கத்தில் நிற்கும் பையனிடம் கேட்கிறாள்: "வள்ளம் ஏதாவது தெரியுதா மக்களே?" கேட்டு வாய் மூடும்போதே கலங்கரை விளக்கின் ஒளி அவள் முகத்தைத் தடவிப் போகிறது. அலையோசை அடங்குகிறது. ஓரத்திலிருந்து உடுக்கையின் ஒற்றை அடி விழுகிறது. எல்லாம் சேர்ந்து நான்கே நொடி.

பார்ப்பவருக்கு அது தானாக நடந்ததுபோல் இருக்கும். அரங்கின் பின்கோடியில், சிறு விளக்கை மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த நான்கு நொடிக்குள் ஒரே சொல்லை மூன்று முறை சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் விழ வேண்டிய இடத்துக்குத்தான் கியூ என்று பெயர். மேடையில் ஒன்று மாற வேண்டும்; எதைக் கேட்டு, எதைப் பார்த்து அது மாற வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான் கியூ. விளக்கு, ஒலி, திரை, செட், இசை எல்லாவற்றுக்கும் இது உண்டு. நடிகருக்கும் உண்டு: எதிரில் இருப்பவர் வசனத்தின் கடைசிச் சொல் அவருக்குக் கியூ.

கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் பெரும்பாலும் இயக்குபவரே விங்கில், அதாவது மேடையின் பக்க மறைவில் நின்று லைட்காரருக்குக் கை காட்டுவார், பாட்டுப் போடுகிறவரிடம் கண்ணால் பேசுவார். இருபது நிமிட நாடகத்துக்கு அது போதும். பல்கலைக்கழக நாடகத் துறையில் அப்படி நடக்காது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறை, எல்லை தாண்டினால் திருச்சூர் நாடகப் பள்ளி ஆகிய இடங்களில் ஒரு நாடகத்தைத் தயாரிப்பது படிப்பின் ஒரு பகுதி. நடிப்பு, ஒளி, ஒலி, அரங்க அமைப்பு, உடை, ஒப்பனை என ஒவ்வொன்றுக்கும் ஒரு மாணவர் பொறுப்பு. இவர்களைக் கோத்துப் பிடிப்பவர் மேடை மேலாளர். முதல் நாள் திரை விலகியதும் இயக்குநர் பார்வையாளரோடு உட்கார்ந்துவிட வேண்டும். அதன்பின் மேடையில் எது நடந்தாலும் மேடை மேலாளர் சொல்லித்தான் நடக்கும். முதல் ஆண்டு மாணவரை அதிகம் குழப்புவது இதுதான்.

குமரி மண்ணுக்கு இது முற்றிலும் புதிதும் இல்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில்தான் மேடையைக் கற்றார். அத்தகைய நாடகக் கம்பெனிகளில் பிரதியோடு மறைவில் நின்று அடியெடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இருப்பார். அந்த ஆளின் கையில் விளக்கையும் ஒலியையும் சேர்த்துக் கொடுத்தால் இன்றைய மேடை மேலாளர்.

எந்த நாடகத்தை எடுப்பது என்று முடிவாகும்போதே உரிமையைப் பார்த்துவிட வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை யாரும் போடலாம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளும் அப்படியே. கல்வி நிறுவனத்துக்குள் ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, அவர்களும் பெற்றோரும் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சிக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. வெளியாருக்கு டிக்கெட் போட்டால் அந்த விலக்கை நம்ப முடியாது. எழுத்தாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வெளிநாட்டு இசை நாடகம் என்றால் உரிம நிறுவனத்திடம் வாங்க வேண்டும். ஒரு பாட்டை வெட்டக்கூட அவர்களைக் கேட்க வேண்டியிருக்கும்.

கியூ குடியிருக்கும் பிரதி

மேடை மேலாளரின் பிரதி கடையில் வாங்கிய நாடகப் புத்தகமாக இருக்கக்கூடாது. வசனத்தை ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும், இரட்டை வரி இடைவெளியில் அச்சடித்து வளைய ஃபைலில் போடுங்கள். விரித்தால் வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் வெற்றுத்தாள். அந்த வெற்றுத்தாளின் மேல்பாதியில் மேடையின் சிறு வரைபடம், கீழ்ப்பாதியில் நடமாட்டக் குறிப்பு. வசனத் தாளின் வலது ஓரத்தில் மூன்று அங்குலம் காலியாக விடுங்கள்; கியூ அங்கேதான் வரும்.

எழுதுவது பென்சிலில் மட்டும். 2பி பென்சில், நல்ல ரப்பர், ஒரு ஸ்கேல். பேனாவில் எழுதிய பிரதி இரண்டாம் வாரத்தில் அடித்தல் திருத்தலாகி, மூன்றாம் வாரத்தில் எது கடைசி முடிவு என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். ஒத்திகை முடிந்ததும் தினமும் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஃபைல் பஸ்சில் தவறிப்போனாலும் நாடகம் தப்பிக்கும்.

இடம், வலம் இரண்டும் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடம், வலம். பார்வையாளர் பக்கம் கீழ்மேடை, பின்திரைப் பக்கம் மேல்மேடை. மேடை மேலாளர் மேடையை எதிரிலிருந்து பார்ப்பதால் எல்லாம் அவருக்குத் தலைகீழ். முதல் பத்து நாள் தவறு வரும், வரட்டும். பிரதியின் வரைபடத்தில் ‘இ’, ‘வ’ என்று பெரிதாக எழுதி வைத்தால் சீக்கிரம் பழகிவிடும்.

ஒத்திகை அறையில் முதல் வேலை, செட்டின் அளவைத் தரையில் டேப்பால் ஒட்டுவது. கதவு, திண்ணை, வள்ளம் எல்லாவற்றையும் அசல் அளவில் ஒட்ட வேண்டும். அறை சின்னதாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் சுருக்கி ஒட்டுவது பெரிய தவறு. ஒத்திகையில் நாலு எட்டில் கடந்த தூரம் மேடையில் ஏழு எட்டாகும். மூன்று எட்டுக்கு வசனமே இருக்காது. அந்த வெறுமையில் விளக்கு மாறினால் மாற்றம் அந்தரத்தில் நிற்கும். அறைக்குள் முழு மேடை அடங்காவிட்டால் அன்றைய காட்சிக்கு வேண்டிய பாதி மேடையை மட்டும் சரியான அளவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எண், எழுத்து, மூன்று சொல்

விளக்குக் கியூவுக்கு எண், ஒலிக் கியூவுக்கு ஆங்கில எழுத்து. ‘லைட் 14’, ‘சவுண்ட் கே’. இரண்டுக்கும் எண் கொடுத்தால் ஹெட்செட் இரைச்சலில் யாருடைய 14 என்று தெரியாமல் இரண்டு பேரும் பொத்தானை அழுத்துவார்கள். எழுத்துகளில் ‘ஐ’, ‘ஓ’ இரண்டையும் விட்டுவிடுங்கள்; எழுதும்போது ஒன்றும் சுழியுமாகத் தெரியும். 14-க்கும் 15-க்கும் நடுவில் புதிதாக ஒன்று வந்தால் அது 14.5. பின்னால் வரும் எண்களை மாற்றத் தொடங்கினால் விளக்குகளை இயக்கும் மேசையிலும் பிரதியிலும் எல்லாமே குலைந்துபோகும்.

ஒவ்வொரு கியூவுக்கும் மூன்று கட்டம். அரைப் பக்கத்துக்கு முன்னால் ‘ரெடி லைட் 14’. இரண்டு வரிக்கு முன்னால் ‘ஸ்டாண்ட்பை லைட் 14’; இயக்குபவர் ‘லைட்ஸ்’ என்று பதில் சொல்லி விரலைப் பொத்தானில் வைப்பார். அப்புறம் ‘லைட் 14, கோ’. எண் முன்னால், ‘கோ’ கடைசியில். அந்தச் சொல் காதில் விழுந்ததும் விரல் இறங்கும். அதனால் ஹெட்செட்டில் வேறு எதற்காகவும் அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கக்கூடாது. ‘போ’ என்று தமிழிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பார்கள். மேடை வசனத்தில் ‘போ’ ஓயாமல் வரும். ஒரு காதில் வசனமும் மறு காதில் ஹெட்செட்டும் கேட்கும் விளக்காளருக்கு அது பொறி.

இனி முட்டம் காட்சிக்கு வருவோம். "வள்ளம் ஏதாவது தெரியுதா மக்களே?" என்ற வரியில் ‘கோ’ எங்கே விழ வேண்டும்? புதியவர் வரி முடிந்தபின் என்று எழுதுவார். ‘கோ’ காதில் விழுந்து விரல் இறங்கக் கால் நொடி ஆகும். விளக்கு மூன்று நொடியில் ஏறுவதாக வைத்திருந்தால், கண்ணுக்கு மாற்றம் தெரிய இன்னும் அரை நொடி. ஆக, அம்மா பேசி முடித்து முக்கால் நொடி கழித்துத்தான் கலங்கரை விளக்கு அசையும். அந்த இடைவெளியில் நடிகை அடுத்த மூச்சை எடுத்துவிடுவார். ஒளி அவர் கேள்விக்குப் பதிலாகப் படாது. அதனால் ‘தெரியுதா’ என்ற சொல்லின் கீழ் கோடு போட்டு, அங்கிருந்து ஓரத்துக்கு இழுத்து ‘லைட் 14’ என்று எழுத வேண்டும். ‘மக்களே’ என்ற சொல் உங்களுக்கு மிச்சமிருக்கும் முக்கால் நொடி. பேசுவது குமரித் தமிழ் என்பதால் கடைசிச் சொல் இழுபடலாம். நடிகையின் இழுப்பு ஒத்திகைக்கு ஒத்திகை எப்படி மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். நல்ல மேடை மேலாளர் பிரதியைப் பார்ப்பதைவிட நடிகரின் மூச்சைத்தான் அதிகம் பார்க்கிறார்.

சில கியூ சொல்லுக்கு வராது, செயலுக்கு வரும். அம்மா அரிக்கேன் விளக்கைத் தரையில் வைக்கும்போது சுற்றுவட்ட ஒளி குறைய வேண்டும் என்றால், அது பார்த்துக் கொடுக்கும் கியூ. ஓரத்தில் ஒரு கண் படம் வரைந்து வையுங்கள். அந்த இடத்தில் தலை பிரதிக்குள் இருக்கக்கூடாது.

இசை நாடகத்தின் இரண்டாவது கடிகாரம்

வசன நாடகத்தில் நேரத்தை நடிகர் வைத்திருக்கிறார். இசை நாடகத்தில் அது தாளத்தின் கையில். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் ஓர் ஆவர்த்தனம் நான்கு நொடி. வள்ளத்தை மேடையிலிருந்து தள்ளிப் போக 20 நொடி ஆகிறது என்றால் ஐந்து ஆவர்த்தனம் வேண்டும். இசையமைப்பவர் மூன்று எழுதியிருந்தால் பாட்டு முடிந்தபின் எட்டு நொடி வள்ளம் மட்டும் உருண்டுகொண்டிருக்கும். அதனால் செட் மாற்றத்தை ஸ்டாப்வாட்சில் அளந்து, அந்த எண்ணை இசைக்குழுவிடம் முதல் வாரமே கொடுங்கள். கியூவைப் பாட்டு வரியில் எழுதுவதோடு எத்தனையாவது ஆவர்த்தனம், எந்த எண்ணிக்கை என்றும் எழுதுங்கள். பாடகர் வரியை மறக்கலாம், தாளம் மறக்காது.

வில்லுப்பாட்டுக் குழுவைக் கதைசொல்லியாக வைத்து இசை நாடகம் செய்வது இந்த மாவட்டத்து மாணவர்களுக்கு இயல்பாகவே தோன்றும். வில், வீசுகோல், உடுக்கை, குடம், தாளம், கட்டை எல்லாம் மேடையிலேயே ஓர் அழகான அமைப்பு. ‘ஆமா’ போடும் பின்பாட்டு, கியூவைக் காதால் வாங்கும் கலைக்கு நல்ல பாடம்: தலைமைப் பாடகர் வரியை எங்கே விடுகிறார் என்று ஒரு சைகையும் இல்லாமல் பிடித்துக்கொள்வார்கள். சிக்கல் இன்னொரு பக்கம் இருக்கிறது. கோயில் கொடை விழா மேடையில் பாடுகிற கலைஞர் கூட்டத்தைப் பார்த்துக் கதையை நீட்டுவார், சுருக்குவார். அதுதான் அவருடைய திறமை. எழுதி வைத்த கியூவுக்கோ நிலையான சொல் வேண்டும்.

அந்தத் திறமையைக் கட்டிப்போட வேண்டியதில்லை. நீட்டும் பகுதி முழுவதையும் பிரதியில் ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதன் முடிவுக்கு மட்டும் மாறாத ஒரு வரியைப் பாடகரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதை விடுவரி என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கட்டும். விடுவரி வந்தால் அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் எண்ணிக்கையில் ‘கோ’. நடிகர் தயாராகும் வரை ஒரே இசைத்துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும் முறையும் இதே தர்க்கம்தான். சுற்றிலிருந்து வெளியேற என்ன அடையாளம், அதை யார் கொடுப்பது, இரண்டையும் எழுத வேண்டும். இரண்டு பேர் கொடுக்கலாம் என்று விட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

குமரி மாவட்டத்துக்கு இன்னொரு பெரிய செல்வம் சர்ச் கொயர். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரலில் பாடிப் பழகியவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கோரஸ் தேவைப்படும் நாடகத்துக்கு வேறு எங்கும் இவ்வளவு எளிதாக ஆள் கிடைக்காது. ஆனால் டிசம்பரில் அவர்கள் கேரல் பாடப் போய்விடுவார்கள். பங்குனி, சித்திரையில் வில்லுப்பாட்டுக் கலைஞர்களுக்குக் கொடை. தேதி குறிக்கும்போது இந்த இரண்டையும் காலண்டரில் முதலில் அடித்துவிடுங்கள்.

சுருதியைப் பாத்திரத் தேர்வின் அன்றே முடிவு செய்யுங்கள். ஆண் குரலுக்கு 1 முதல் 2 கட்டை, பெண் குரலுக்கு 5 முதல் 6 கட்டை பொதுவான வழக்கம். அம்மாவும் மகனும் ஒரே பாட்டைப் பாட வேண்டுமென்றால் யாராவது ஒருவருக்குத் தொண்டை கட்டும். பல்லவியை அவளுக்கும் சரணத்தை அவனுக்கும் கொடுத்து, நடுவில் கீபோர்டு சுருதி மாற்ற இரண்டு ஆவர்த்தனம் விடுவது எளிய தீர்வு. அந்த இரண்டு ஆவர்த்தனத்தில் ஒரு விளக்கு மாற்றத்தையும் வைத்தால், சுருதி மாறியதுகூடக் கதையின் பகுதியாகிவிடும்.

உடுக்கை தோல் கருவி. மழைக்காலக் காற்றில் தோல் தளர்ந்து ஓசை இறங்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஜூனில் ஒத்திகை, நவம்பரில் காட்சி என்றால் இரண்டு முறையும் மாட்டுவீர்கள். வாசிப்பவருக்குக் கருவியைச் சூடாக்கிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் இடமும் கொடுங்கள். தகரக் கூரை அரங்கில் பெருமழை பெய்தால் வசனம் எட்டாது. மழை வலுத்தால் எந்தக் காட்சியோடு நிறுத்தி, எங்கிருந்து தொடங்குவது என்று பிரதியில் முன்பே குறித்து வையுங்கள்.

இசை நாடகத்தில் அதிகம் கெடுவது ஒலி. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 25 மீட்டர் நீள அரங்கில் பின்சுவரில் பட்டு மேடைக்குத் திரும்ப 0.15 நொடி. 120 வேகத்தில் ஓர் எண்ணிக்கை அரை நொடிதான். ஆக, பாடகர் தன் பாட்டை ஏறத்தாழ மூன்றில் ஒரு எண்ணிக்கை பிந்திக் கேட்கிறார். அதைப் பின்பற்றினால் பாட்டு இழுபடும். கோரஸ் மந்தமாகிறது என்று பாடகரைத் திட்டுவதில் பயனில்லை. மேடை நோக்கித் திருப்பிய இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர் வையுங்கள், அதில் தாளமும் கீபோர்டும் மட்டும் விடுங்கள். கூட்டத்துக்கான ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் போனால் ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் ஏறிக் கூவும்.

உடலில் மாட்டும் மைக்கை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒட்டுங்கள். நெஞ்சில் குத்தினால் தலை திரும்பும்போதெல்லாம் குரல் போய்வரும், துணி உரசும். வியர்வை துளைக்குள் இறங்கினால் குரல் மூடிக்கொள்ளும். காட்சிக்கு நடுவில் துடைக்க விங்கில் ஓர் ஆளும், மாற்றாக ஒரு கைமைக்கும் வேண்டும். பேட்டரி ஒவ்வொரு காட்சிக்கும் புதிது.

டெக்

நடிப்பு ஒத்திகை முடிந்து, உடையோடு முழு ஒத்திகை தொடங்கும் முன் வருவது தொழில்நுட்ப ஒத்திகை, சுருக்கமாக டெக். முதல்முறையாக எல்லாக் கியூவும் மேடையில் நடக்கும் நாள். முழு நாடகத்தையும் ஓட்டமாட்டார்கள். கியூவுக்கு இரண்டு வரி முன்னால் தொடங்கி, கியூ நடந்து, அது முடிந்ததும் நிறுத்தி அடுத்ததற்குத் தாவுவார்கள். ஒரு கியூவைச் சரிசெய்யச் சராசரியாக நான்கு நிமிடம் என்று கணக்கு வைத்தால், 80 கியூ உள்ள வசன நாடகத்துக்கு ஐந்து மணி இருபது நிமிடம். 200 கியூ உள்ள இசை நாடகத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல், அதாவது இரண்டு நாள். ஒரே மாலையில் முடிக்கலாம் என்று திட்டமிடும் குழு இடைவேளைக்குப் பிந்திய பாதியை ஒத்திகை பார்க்காமலேயே மேடையேறும்.

நடிகர்களுக்கு அன்று பொறுமைதான் வேலை. நடித்துக் காட்ட வேண்டாம். சரியான இடத்தில் நின்று, சரியான வேகத்தில் வரியைச் சொன்னால் போதும். மேடை மேலாளர் ‘நிறுத்து’ என்றால் அப்படியே நிற்க வேண்டும். நகர்ந்துவிட்டால் விளக்காளர் யார்மீது ஒளியை அமைப்பது?

டெக்குக்கு முன்னால் மின்சாரத்தைக் கணக்குப் போடுங்கள். பழைய ‘பார்’ (PAR) மேடை விளக்கு ஒன்று 1000 வாட். 230 வோல்ட்டில் அது 4.3 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். சுவரிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மூன்று போட்டால் 13. நாலாவது போட்டால் 17-ஐத் தாண்டும். ஒத்திகையில் எல்லா விளக்கும் ஒன்றாக எரியாததால் தாங்கும். கடைசிக் காட்சியில் முழு ஒளி கேட்கும்போது, சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி விழலாம். எல்இடி பார் மிகக் குறைவாகத்தான் இழுக்கும் என்பதால் சின்ன அரங்குகளுக்கு அதையே வாடகைக்கு எடுங்கள். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் ஒலிக்கருவியும் ஒரே லைனில் இருந்தால் விளக்கு மங்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். மைக் செட்காரரையும் லைட்காரரையும் ஒரே நாளில் வரவழைத்து, லைன் பிரிப்பதை எலக்ட்ரீஷியன் முன்னால் பேசி முடியுங்கள்.

காட்சி நாளில்

அரை மணி நேரம் இருக்கும்போது, கால் மணி இருக்கும்போது, ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒப்பனை அறையில் குரல் கொடுங்கள். கேட்டவர்கள் ‘சரி’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராத அறையில் யாரோ இல்லை என்று அர்த்தம். கதவு திறக்கும் முன் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக ஏற்றிப் பாருங்கள், ஒவ்வொரு ஒலியையும் இரண்டு நொடி ஓட விடுங்கள், உடுக்கை, அரிக்கேன் முதலிய கைப்பொருள்கள் மேசையில் அதனதன் கோட்டுக்குள் இருக்கின்றனவா என்று விரல் வைத்து எண்ணுங்கள்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏற நேரமாகும். அது பெரிதில்லை, கணினி சார்ந்த விளக்கு மேசையும் ஒலி மிக்சரும் அணைந்து மறுபடி விழிக்க எடுக்கும் நேரம்தான் கொல்லும். அவை இரண்டுக்கும் தனியே ஒரு யூபிஎஸ் வைத்தால் மேடை இருண்டாலும் மேசை உயிரோடு இருக்கும். வெளிச்சம் வந்ததும் எந்தக் கியூவில் நின்றீர்களோ அதே கியூவிலிருந்து தொடரலாம்.

ஒரு கியூவைத் தவறவிட்டால் அதைத் துரத்தாதீர்கள். ‘லைட் 14’ போனது போனதுதான். இரண்டு வரி கழித்துக் கலங்கரை விளக்கு திடீரென்று சுழன்றால் பார்வையாளர் அதை உடனே கவனித்துவிடுவார். வராமலே போனால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ‘14-ஐ விடு, 15 ஸ்டாண்ட்பை’ என்று அமைதியான குரலில் சொல்லி அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். உங்கள் குரல் பதறினால் ஹெட்செட் போட்ட எல்லோர் விரலும் பதறும்.

திரை மூடியதும் அறிக்கை எழுதுங்கள்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஒவ்வொரு பகுதியும் ஓடிய நிமிடம், தவறிய கியூ, உடைந்த பொருள், காயம். முதல் நாள் 52 நிமிடம் ஓடிய முதல் பகுதி மூன்றாம் நாள் 57 நிமிடமானால், யாரோ வசனத்துக்கு நடுவில் கைதட்டலுக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் நேரம் கூடியது என்று பிரதியில் பார்த்து, மறுநாள் ஒப்பனைக்கு முன் அந்தக் காட்சியை மட்டும் ஒருமுறை ஓட விடுங்கள்.